தேனீயிடம் கேட்டறிந்தவர்

தருமியின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ் மாணவர் நம் சங்கத்தில் ஒருவரும் இரார். அக்கதைக்கு உரிய பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக நிற்கிறது. தலைவன் ஒரு தும்பியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறான். தன் மனம் மகிழ்வதற்காக ஒன்றைச் சொல்லாமல், அது உண்மையாகக் கண்டதையே சொல்ல வேண்டுமென்று வேண்டுகிறான். தும்பி என்ன விடை சொல்லிற்று என்பது பாட்டில் இல்லை. புலவனுக்கு அது தேவையும் இல்லை.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆஸ்திரிய நாட்டில் பிறந்த ஒருவர் அதே வகைக் கேள்வியைத் தேனீயிடம் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், விடை வரும்வரை ஆண்டுக் கணக்கில் காத்திருந்தார். வந்த விடை தம் பழைய எழுத்தைப் பொய்யாக்கிய போதும் அதை ஏற்றுக் கொண்டார். அவர்தாம் கார்ல் வான் ஃபிரிஷ். நாம் தேனீயின் நடனத்தைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் இரண்டு வரி படித்திருப்போம். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் விலங்கியல் முதுகலை மாணவன். என் ஊர் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. தேனி வேறு, தேனீ வேறு, இரண்டுக்கும் ஈற்றெழுத்து ஒரு மாத்திரை வேறுபடும் என்று தில்லி நண்பர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு அலுத்து விட்டது. ஆயினும் எங்கள் பக்கத்தாருக்குத் தேனீயோடு மெய்யான உறவு உண்டு. போடியில் விலை பேசப்படும் ஏலக்காய், மேலே மலைத் தோட்டங்களில் விளைவது. ஏலப்பூ ஒரு நாளைக்குமேல் நில்லாது, விடியலில் மலரும். அந்த ஒரு பகலில் தேனீ வந்து மகரந்தம் மாற்றினால்தான் காய் உண்டு. மூட்டை சுமப்பவர் முதல் கடைக்காரர் வரை அனைவர் கூலியும் அந்தச் சிறு பூச்சியின் வருகையில் அடங்கியிருக்கிறது.

கார்ல் 1886 நவம்பர் 20-ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். தந்தை அந்தோன் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். தாய் மாரி, அறிஞர் பலரைத் தந்த எக்ஸ்னர் குடும்பத்துப் பெண். பிள்ளைகள் நால்வரில் கார்லே கடைக்குட்டி. வோல்ஃப்காங் ஏரிக்கரையில் புருன்விங்கல் என்ற சிற்றிடத்தில் ஒரு பழைய ஆலை வீடு அக்குடும்பத்துக்கு உரியதாக இருந்தது. கோடை தோறும் அவர்கள் அங்கே சென்று தங்குவார்கள். நீர்க்கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் இருப்பது சிறுவன் கார்லின் வழக்கம். சிறிது நேரத்தில் கல்லிடுக்குகளிலிருந்து சிற்றுயிர்கள் வெளிவந்து தத்தம் வேலையைத் தொடங்கும். பொறுமையோடு பார்ப்பவனுக்கு உலகம் தானே வந்து தன்னைக் காட்டும் என்று அவர் கற்ற முதற் பாடம் அதுதான். பள்ளியில் அவர் முதல் மாணவர் அல்லர் என்பதையும், மதிப்பெண்ணை எண்ணிக் கவலைப்படும் நம்மைப் போன்றோர் ஆறுதலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தந்தையின் விருப்பப்படி அவர் முதலில் மருத்துவம் படித்தார். தாயின் சகோதரர் சிக்முண்ட் எக்ஸ்னர் வியன்னாவில் உடலியல் பேராசிரியர். பூச்சிகளின் கூட்டுக் கண்களைப் பற்றி 1891-இல் பெருநூல் எழுதியவர். அம்மாமனின் ஆய்வுக்கூடத்தில்தான் மருமகனுக்கு வழி தெரிந்தது. மருத்துவத்தை விட்டு விலங்கியலுக்கு மாறினார். மியூனிக் நகரில் ரிச்சர்ட் ஹெர்ட்விக் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1910-இல் வியன்னாவில் டாக்டர் பட்டம் பெற்று, மறுபடியும் மியூனிக்கிலேயே உதவியாளராக அமர்ந்தார்.

அக்காலத்தில் மியூனிக்கில் கார்ல் ஃபான் ஹெஸ் என்ற கண் மருத்துவப் பேராசிரியர் பெருஞ் செல்வாக்கோடு விளங்கினார். மீன்களும் பூச்சிகளும் நிறம் அறியா, அவற்றுக்கு உலகமே சாம்பல் மயம் என்பது அவர் முடிவு. அடைபட்ட தேனீக்களின்முன் பல நிற ஒளியைக் காட்டினார். அவை எந்நிறத்தையும் பொருட்படுத்தாமல் மிகுந்த வெளிச்சம் உள்ள இடத்தையே நாடின. ஆகவே நிறம் அறியா என்றார். சோதனையில் கண்டது உண்மைதான். ஆனால் இளைஞர் ஃபிரிஷுக்கு ஓர் ஐயம். தேனீ நிறம் அறியாது எனில் தோட்டத்துப் பூக்கள் ஏன் நீலமும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்குகின்றன? யாருக்காக அந்த அலங்காரம்? அடைபட்ட உயிர் தப்பியோட வெளிச்சத்தைத் தேடும்; உணவு தேடும்போது அது வேறு கண்ணோடு பார்க்கலாம் அல்லவா? கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் இருட்டறை அன்று, பூக்கள் நிற்கும் வெளி என்று அவர் துணிந்தார்.

அவர் செய்த சோதனையை நாம் எவரும் விடுதித் தோட்டத்தில் செய்து பார்க்கலாம். ஒரு மேசைமேல் வெண்மையிலிருந்து கருமைவரை படிப்படியாக மாறும் பல சாம்பல் அட்டைகளைப் பரப்பினார். நடுவே ஒரே ஒரு நீல அட்டை. ஒவ்வோர் அட்டைமேலும் ஒரு கண்ணாடித் தட்டு. நீல அட்டைத் தட்டில் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறதோ என்ற ஐயம் எழாதபடி அட்டைகளை அடிக்கடி இடம் மாற்றினார். பின்னர்ப் புதிய அட்டைகளையும் வெறுந் தட்டுகளையும் வைத்தார். சர்க்கரை இல்லாத போதும் தேனீக்கள் நேரே நீலத்தையே நாடி வந்தன. நீலத்தின் வெளிச்ச அளவை மட்டுமே அவை அறிந்திருந்தால், அதே அளவு வெளிச்சமுள்ள ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு குழம்பியிருக்க வேண்டும். குழம்பவில்லை. மஞ்சளுக்கும் அப்படியே. ஆனால் சிவப்பில் தடுமாறின. சிவப்பு அட்டையையும் கறுப்பையும் அவற்றால் பிரித்தறிய இயலவில்லை. 1914-இல் இம்முடிவுகள் நூலாக வந்தன. ஹெஸ் கடுமையாக எதிர்த்தார். ஃபிரிஷ் மேலும் சோதனைகளால் மறுமொழி தந்தார்.

பின்வந்தவர்கள் இந்தக் கதையை இன்னும் நீட்டினார்கள். நம் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியைத் தேனீ தனி நிறமாகவே காண்கிறது என்பது 1920-களில் தெளிவாயிற்று. நமக்கு ஒரே மஞ்சளாகத் தோன்றும் பல பூக்களின் இதழில், தேன் இருக்கும் இடத்தைச் சுட்டும் கோலம் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. குளிர்காலத்தில் தில்லிப் பூங்காக்களில் செந்நிறமாக மலரும் கசகசாச் செடியின் இனப் பூவுக்குச் சிவப்பறியாத தேனீ ஏன் வருகிறது? அவ்விதழ் புற ஊதாவையும் எதிரொளிக்கிறது. நமக்குச் சிவப்பு, அதற்கு வேறொரு நிறம். மாசி பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்து விட்டுச் செக்கச் செவேலென நிற்கும் முள்ளிலவும் புரசும் முதன்மையாகப் பறவைகளுக்கு விருந்து வைப்பவை. மைனாவும் தேன்சிட்டும் சிவப்பை நன்றாகக் காணும். பூவின் நிறம் நமக்காக ஏற்பட்டதன்று என்று உணரும்போது மனிதன் சற்றே அடங்குகிறான். அந்த அடக்கம் நல்லதுதான்.

முதல் உலகப் போர் மூண்டது. கண்பார்வைக் குறைவால் ஃபிரிஷைப் படையில் சேர்க்கவில்லை. அண்ணன் ஒருவர் நடத்திய வியன்னா மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அங்கே செவிலியாக இருந்த மார்கரேத்தே மோரை 1917-இல் மணந்தார். போர் முடிந்தது, மியூனிக் திரும்பினார். 1919-இல் அந்த ஆய்வுக்கூடத்தின் முற்றத்தில் அவர் கண்டதுதான் அவர் வாழ்வையே திருப்பிற்று.

ஒரே ஓர் அடை மட்டும் உள்ள கண்ணாடிக் கூட்டைச் செய்வித்து, உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்படி வைத்திருந்தார். அருகே சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம். அதில் குடிக்க வந்த தேனீக்களின் முதுகில் வண்ணப் பொட்டு இட்டார். கிண்ணம் வற்றியபின் தேனீக்கள் கூட்டுக்குள் ஓய்ந்திருந்தன. அவ்வப்போது ஒன்று மட்டும் வெளியே சென்று பார்த்து வரும். கிண்ணத்தை மறுபடி நிரப்பினார். பார்க்க வந்த தேனீ குடித்துவிட்டுக் கூட்டுக்குள் சென்றது. சென்றதும் அடைமேல் வட்டமிட்டு வலமும் இடமுமாகச் சுழன்று ஆடத் தொடங்கிற்று. சுற்றியிருந்த பொட்டிட்ட தேனீக்கள் பரபரத்து அதைத் தொட்டுத் தொடர்ந்தன. உடனே வெளியே பறந்து கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தன. தம் வாழ்நாளில் கண்டவற்றுள் பெரும் பலன் தந்த காட்சி அதுவே என்று முதுமையில் அவர் நினைவு கூர்ந்திருக்கிறார்.

அதன்பின் பதவிகள் வந்தன. 1921-இல் ரோஸ்டாக், 1923-இல் பிரெஸ்லாவ், 1925-இல் தம் ஆசிரியர் வகித்த மியூனிக் பேராசிரியர் பீடம். ராக்ஃபெல்லர் அறநிலையத்தின் பொருளுதவியால் அங்கே புதிய விலங்கியல் நிலையம் எழுந்தது. தேனீயோடு நிற்காமல் மீன்களையும் ஆராய்ந்தார். மீனுக்குச் செவிப்புலன் இல்லை என்று பலர் நம்பிய காலத்தில், அவர் சீழ்க்கை ஒலி கேட்டதும் உணவுக்காக வெளிவரும்படி ஒரு கெளுத்தி இன மீனைப் பழக்கிக் காட்டினார். பாமரரும் படிக்கத் தேனீக்களின் வாழ்வைப் பற்றி 1927-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அறிவியலைத் தாய்மொழியில் எளிதாய் எழுதுவது தம் தகுதிக்குக் குறைவென்று அவர் எண்ணவில்லை.

1920-களில் அவர் தேனீ நடனத்தைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டார். வட்ட நடனம் தேன் கிடைத்த செய்தி. வயிற்றை ஆட்டி ஆட்டி நேர்கோட்டில் ஓடிப் பின் அரைவட்டமாகத் திரும்பும் ஆட்டு நடனம் மகரந்தம் கிடைத்த செய்தி என்பதே அம்முடிவு. உலகமும் ஏற்றுக் கொண்டது. இருபது ஆண்டுகள் அது பாடநூல் உண்மையாக நின்றது. அது தவறு. தவறென்று கண்டவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இடையிலே ஓர் இருண்ட காலம் வந்தது.

1933-இல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தான். அரசு ஊழியர் ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டிமார் இன்ன இனத்தவர் என்று சான்று காட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஃபிரிஷின் தாயைப் பெற்ற பாட்டி யூத வம்சத்தில் வந்தவர். யூதர்க்கும் பெண்களுக்கும் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுக்கிறார் என்று அவர்மேல் முன்னரே பொறாமைக்காரர் குறை கூறி வந்தனர். 1941-இல் அவரைக் கால்வாசி யூதர் என்று அரசு வகைப்படுத்தியது. பதவி நீக்கம் என்ற வாள் தலைமேல் தொங்கிற்று. முப்பது ஆண்டு உழைப்பு ஒரு பாட்டியின் பிறப்பினால் பாழாகும் நிலை!

அப்போது நோசிமா என்ற நோய் தேனீக்களைக் கொள்ளை கொண்டது. தேனீயின் குடலில் வாழும் நுண்ணுயிர் ஒன்று அந்நோயைத் தருவது. 1940 தொட்டு இரண்டாண்டுகளில் ஜெர்மானிய நாட்டுக் கூடுகள் இலட்சக் கணக்கில் அழிந்தன. தேனீ அழிந்தால் பழமும் எண்ணெய் வித்தும் குறையும். போர்க்காலத்தில் உணவு குறைவதை எந்த அரசும் பொறாது. நோயை ஆராய வல்லவர் ஃபிரிஷ்தாம் என்று அன்பர்கள் எடுத்துரைத்தனர். உணவு அமைச்சும் அவ்வாறே கேட்டது. பதவி நீக்கம் போர் முடியும் வரை தள்ளி வைக்கப்பட்டது. தேனீ அவரைக் காப்பாற்றிற்று என்று சொல்வது வழக்கம். அதைச் சொல்லும்போதே, காப்பாற்றத் தேனீ இல்லாத எத்தனையோ அறிஞரும் எளியவரும் அதே ஆட்சியில் மாண்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. பயன்படுவான் என்பதற்காக ஒருவனை விட்டுவைப்பது நீதி ஆகாது.

அக்காலத்தில் அவர் இன்னொரு பணியும் செய்தார். ஒரு செடியின் பூவை ஊறவைத்த சர்க்கரைத் தண்ணீரைக் கூட்டில் வைத்தால், தேனீக்கள் அம்மணத்தைக் கற்றுக்கொண்டு வயலில் அதே பூவை நாடிச் செல்லும். இவ்வாறு சிவப்புக் குளோவர் போன்ற தீவனப் பயிர்களுக்குத் தேனீக்களை அனுப்பி விதை விளைச்சலைப் பெருக்க முயன்றார். நடனத்தில் தேனீ இடத்தை அறிவிக்கிறதா என்ற கேள்விக்கும் இப்பணியே அவரை மறுபடி இழுத்து வந்தது.

1944-இல் மியூனிக்கில் குண்டு விழுந்து ஆய்வு நிலையமும் அவர் வீடும் சேதமுற்றன. கூடுகளோடு புருன்விங்கல் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையில் சர்க்கரைக் கிண்ணத்தைக் கூட்டின் அருகே வைக்காமல் தொலைவில் கொண்டுபோய் வைத்தார். தொலைவிலிருந்து திரும்பிய தேனீக்கள், சர்க்கரைத் தண்ணீரையே குடித்து வந்தும், வட்டமாய் ஆடவில்லை; ஆட்டு நடனம் ஆடின! அவருக்குப் பழைய பிழை அந்நொடியே விளங்கிற்று. முன்பு கிண்ணத்தைக் கூட்டின் பக்கத்தில் வைத்தவர் அவரே. மகரந்தம் சேர்த்த தேனீக்களோ தொலைவிலிருந்த செடிகளிலிருந்து வந்தன. இரண்டு நடனத்துக்கும் வேறுபாடு உணவின் வகையில் இல்லை, தொலைவில் இருந்தது. இருபதாண்டு உண்மையை அவரே தம் கையால் அழித்து எழுதினார். அப்போது அவருக்கு 57 வயது. உலகப் புகழ் பெற்றிருந்தார். ஆய்வேட்டில் ஓர் எண் பொருந்தாவிட்டால் அதை எப்படியாவது பொருத்திவிட விரல் துடிக்கும் நம் போன்ற மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

கதவு திறந்தது. கிண்ணம் 100 மீட்டரில் இருந்தால் கால் நிமிடத்துக்கு ஒன்பது பத்து முறை நேரோட்டம் ஓடும். 1,000 மீட்டரில் நான்கு ஐந்து முறை. 6,000 மீட்டரில் இரண்டே முறை. தொலைவு கூடக் கூட ஆட்டம் நிதானமாகிறது. 1945-இல் திசையின் இரகசியமும் வெளிப்பட்டது. இருண்ட கூட்டுக்குள் செங்குத்தாகத் தொங்கும் அடையில் மேல்நோக்கி ஓடினால், சூரியன் இருக்கும் திசையில் செல் என்று பொருள். செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம் 40 பாகை சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு வலப்பக்கம் 40 பாகையில் உணவு. வெளியிலே சூரியனைக் கொண்டு அளந்த கோணத்தை, உள்ளே இருட்டிலே புவியீர்ப்பைக் கொண்டு சொல்கிறது அந்தப் பூச்சி! சூரியன் மேகத்தில் மறைந்தால்? ஒரு துண்டு நீலவானம் தெரிந்தால் போதும். வானத்து ஒளி ஒரே தளத்தில் அதிரும் பாங்கைக் கண்டு சூரியன் இருக்குமிடத்தைத் தேனீ அறியும் என்று 1949-இல் அவர் காட்டினார்.

போருக்குப் பின் 1946-இல் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் பல்கலைக் கழகத்துக்குப் போய், 1950-இல் மியூனிக் திரும்பினார். 1958-இல் ஓய்வு பெற்றார். 1965-இல் தம் வாழ்நாள் ஆராய்ச்சியை ஒரு பெருநூலாகத் தொகுத்தார். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் ஏட்ரியன் வென்னர் என்பார், தேனீக்கள் மணத்தைக் கொண்டே வழி அறிகின்றன, நடனத்தை அவை படிப்பதில்லை என்று வாதிட்டார். வாதம் நெடுங்காலம் நடந்தது. அது அறிவியலுக்கு நன்மையே செய்தது, சோதனைகள் கூர்மையாயின. 2005-இல் தேனீயின் முதுகில் நுண்ணிய கருவி பொருத்தி ரேடார் கொண்டு தொடர்ந்தபோது, நடனத்தைப் பின்பற்றிய தேனீக்கள் அது சுட்டிய திசையிலேயே நேராகப் பறந்தமை பதிவாயிற்று. அதைக் காண அவர் இல்லை. ஆனால் 1973-இல் லோரென்ஸ், டின்பெர்கன் ஆகியோரோடு அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது கண்டார். அப்போது வயது 86. 1982 ஜூன் 12-ஆம் நாள் மியூனிக்கில் மறைந்தார்.

அவர் ஆய்வுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. அவருடைய தலைமாணவர் மார்ட்டின் லிண்டவர், போரில் காயமுற்றுப் பின் படிக்க வந்தவர். நடனம் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்று அறிய அவர் 1950-களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். ஐரோப்பாவில் ஒரே வகைத் தேனீ. நம் பக்கத்திலோ கொம்புத் தேனீ, மலைத்தேனீ, பொந்தில் வாழும் அடுக்குத் தேனீ என்று பல. வேலிச் செடியில் உள்ளங்கையளவு கூடு கட்டும் கொம்புத் தேனீ, அடையின் மேல்தளத்தில், திறந்த வானத்தின்கீழ், கிடைமட்டமாக ஆடுகிறது. கோணத்தை மாற்றிச் சொல்வதில்லை. உணவு இருக்கும் பக்கத்தையே நேராகச் சுட்டி ஓடுகிறது. செங்குத்தாக ஆடும் கலையின் முந்தைய படி இதுவாகலாம் என்று லிண்டவர் கருதினார். நம் வீட்டுக் கறிவேப்பிலைக் கொப்பில் நாம் கல்லெறிந்த கூடு, மியூனிக் அறிஞர் கடல் கடந்து வந்து தேடிய ஏடு!

இனி நம் வளாகத்தைப் பற்றி இரண்டு சொல். ஃபிரிஷ் கற்றுத் தந்த வழியில் இன்று தேனீயிடம் வேறு கேள்விகளும் கேட்கப்படுகின்றன. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக் கழகத்தார் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நடனங்களைப் படமெடுத்துப் படித்து, எந்தப் பருவத்தில் தேனீ எவ்வளவு தொலைவு போகிறது என்று 2014-இல் வெளியிட்டனர். வசந்தத்தில் அருகிலேயே உணவு, கோடையிலோ நெடுந்தொலைவு. தொலைவு என்பது பசியின் அளவு. எப்போது பூ இல்லை, எப்போது நாம் உதவ வேண்டும் என்று தேனீயே சொல்லி விட்டது.

தில்லியில் நிலை வேறு. தையிலும் மாசியிலும் கடுகும் கொத்தமல்லியும் பூங்காச் செடிகளும் பூத்து வழிகின்றன. வெயில் முற்றி ஆனி பிறந்தபின் பூ அருகிப் போகிறது. ஆகவே நாம் செடி வைப்பதானால் அந்நாட்களை எண்ணி வைக்க வேண்டும். துளசி, பத்துமணிப் பூ, பூசணிக் கொடி இவை போதும், பெருஞ்செலவு இல்லை. இதழ் அடுக்கடுக்காய் நிறைந்த பூவை விட ஒற்றை அடுக்குப் பூவே நல்லது. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாகி விடுவதால் வருகிற விருந்தாளிக்கு ஒன்றும் இராது. தேனீ மட்டுமே விருந்தாளி என்றும் எண்ண வேண்டாம். கத்தரிப் பூவின் மகரந்தத்தை உதிர்க்க உடலை அதிரச் செய்ய வேண்டும். தேனீக்கு அவ்வித்தை தெரியாது. கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீக்கும் நீலவரித் தேனீக்கும் தெரியும். முருங்கைக்கும் கருவண்டு வேண்டும். அது துளையிட்டுத் தங்க ஒரு பட்ட மரக்கட்டையை வெட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டு வைத்தால் போதும். பூத்திருக்கும் செடிக்குப் பகலில் பூச்சி மருந்து தெளிப்பதைத் தோட்டக்காரரிடம் சொல்லி நிறுத்தலாம். அவர்கள் நாம் நினைப்பதைவிட எளிதில் கேட்பார்கள்.

சென்ற பங்குனியில் ஒரு விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக் கூடு ஒன்று தொங்கிற்று. எவரையும் கொட்டவில்லை. ஓரிரவு ஆள் வைத்துத் தீப்பந்தத்தால் கொளுத்தினார்கள். காலையில் படிக்கட்டெல்லாம் கருகிய சிறகுகள். துடைப்பத்தால் கூட்டி வாளியில் அள்ளிய அம்மையார் என்னிடம், இவை என்ன தீங்கு செய்தன என்று இந்தியில் கேட்டார். மலைத்தேனீ ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதன்று. பூக்காலம் முடிந்தால் தானே கூட்டை விட்டுப் பெயர்ந்து போகும். சில வாரம் அந்தப் படிக்கட்டைப் பூட்டி, ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் மனிதர்க்கும் அச்சமில்லை, அவற்றுக்கும் அழிவில்லை. அடுத்த கூடு வரும்போது, நெருப்பு வருமுன் நம் சங்கத்தின் கடிதம் போய்ச் சேர வேண்டும். அக்கடிதத்தை எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன். கையெழுத்திட நூறு பேர் வேண்டும்.

வரும் ஆனியில் நம் படிப்பகத்தின் பின்புறம் கிடக்கும் வெற்றிடத்தில் பாத்தி கட்ட எண்ணியிருக்கிறோம். துளசி விதை என்னிடம் உண்டு. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்களும், தெரியாவிட்டாலும் வர விரும்புகிறவர்களும் ஞாயிறு காலை வரலாம். மலர்ந்தபின் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பூவுக்கு எது வருகிறது என்று குறித்து வைப்போம். நாம் எதிர்பார்த்தது வரவில்லையானால், வந்ததையே எழுதுவோம்.